பெரிய துரையின் வாசனை வேலைக்கு வந்த கதை

பெரிய துரை செத்துப் பதினாறாம் நாள் காலையில், அவருடைய வாசனை வேலைக்கு வந்தது.

குதிரைப்பாறை தேயிலை எஸ்டேட்டில் அப்போது பெரட்டு நடந்துகொண்டிருந்தது. கொழுந்து எடுக்கிற பெண்களையும் கவாத்து வெட்டுகிற, மருந்தடிக்கிற ஆண்களையும் விடிந்தும் விடியாததுமாக வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புகிற சடங்குக்குப் பெயர்தான் பெரட்டு. துரை போன நாளிலிருந்து அது கல்யாணப் பந்தி மாதிரி ஆகியிருந்தது. ஆண்கள் பீடி குடித்தார்கள், பெண்கள் வெற்றிலை போட்டு நின்ற இடத்திலேயே துப்பினார்கள், கங்காணி லிங்கையா ஒரு கல்லில் உட்கார்ந்தபடியேதான் பேர் கூப்பிட்டார். அப்படி இருக்கையில் மூடுபனிக்குள்ளிருந்து அந்த வாசனை வந்தது. வந்ததும் பீடிகள் கீழே விழுந்தன, வெற்றிலைச் சாறு தொண்டைக்குள் இறங்கிற்று, லிங்கையா எழுந்து கையைக் கட்டிக்கொண்டார், இருநூறு முதுகும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. பிறகு பனியை விலக்கிக்கொண்டு, தோளில் மருந்து டேங்க்கைச் சுமந்தபடி, வெள்ளத்தாயியின் புருஷன் மாடக்கண்ணு வந்து நின்றான்.

"என்ன எல்லாரும் இப்படி நிக்கீங்க?" என்றான் அவன்.

ஜனங்கள் சிரித்தார்கள். கையைக் கட்டிக்கொண்டே சிரித்தார்கள், ஏனென்றால் கட்டின கை அவிழவில்லை.

அத்தனை தலையும் வெள்ளத்தாயி பக்கம் திரும்பியது. அந்த வாசனை விஷயத்தில் எஸ்டேட்டில் அவள் சொன்னதுதான் சட்டம். பதினெட்டு வருஷமாக, துரை எவ்வளவு தூரத்தில் வருகிறார், என்ன மனசோடு வருகிறார் என்பதை மோப்பத்திலேயே கணித்து, இருமிக் காட்டிக் கொழுந்துக்காரப் பெண்களைக் காப்பாற்றி வந்தவள் அவள். துரையின் சென்ட் வெளிநாட்டிலிருந்து வருவது; சதுரக் குப்பி, பச்சைத் தண்ணீர், அந்தக் காலத்து ஆம்பளைகள் போடுகிற ரகம், இப்போதைய பையன்கள் அடித்துக்கொள்கிற தித்திப்பு அதில் பேருக்கும் கிடையாது. அதை அவள் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தாள். முதலில் வருவது வேப்பங்காம்பை ஒடித்த கசப்பும் நார்த்தை இலையைக் கசக்கின பச்சையும். அது தூக்கலாக இருந்தால் துரை இப்போதுதான் பங்களாவை விட்டு இறங்கியிருக்கிறார், ஒரு இருமல் போதும். அடுத்தது சவர சோப்பும் கிராம்பும். அது முன்னால் வந்தால் சாப்பாடு முடிந்துவிட்டது, நின்று நின்று பார்ப்பார், கூடையில் முற்றின இலையைக் கண்டால் கொட்டிக் காலால் தள்ளுவார், ரெண்டு இருமல். கடைசியில் வருவது மழைக்காலத்து மரப்பட்டையில் படர்கிற பாசியும் வேர்வையில் ஊறின தோல் பெல்ட்டும். அது மட்டும் தனியாக வந்தால் மூணு இருமல், அதற்குமேல் அம்மன் விட்ட வழி. பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடத் தப்பாக இருமியதில்லை. சந்தேகமாக இருந்தால் வாயை மூடிக்கொள்வாளே தவிர, குத்துமதிப்பாக எதையும் சொன்னவள் இல்லை.

இந்தப் படிப்பை அவள் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. அவளுக்கு ஒரு பெண்குழந்தை இருந்தது. ரெண்டு வயசில் அதற்குக் காய்ச்சல் கண்டு, பிள்ளைக் கொட்டகையிலிருந்து ஆயா ஆள் அனுப்பியபோது, துரை அவளுடைய வரிசைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். "வரிசையை முடிச்சிட்டுப் போ" என்றார். அவள் முடித்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று, அந்த முக்கால் மணி நேரமும் அவர் நகரவில்லை. முதலில் கசப்பு, பிறகு சோப்பு, பிறகு பாசி என்று ஒவ்வொன்றாக அவள் பிடரியில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கீழே ஓடிப் போனபோது குழந்தையின் மேல் துண்டைப் போர்த்தியிருந்தார்கள். ஒரே நாளில் படிப்பு முடிந்துவிட்டது.

இப்போது அவள் மாடக்கண்ணுவின் தோளில் மூக்கை வைத்துப் பார்த்தாள்.

"அவருதான்," என்றாள். "மூணும் இருக்கு."

"துரை சென்ட்ட இவன் எங்கட்டி எடுத்துப் பூசினான்?" என்று கேட்டார் தொழிலாளர் சங்கத் தலைவர் இருளப்பன்.

"பூசல அண்ணாச்சி. உள்ள இருந்து வருது."

ஏன் இவன் மேல், இத்தனை பேரை விட்டுவிட்டு, என்று யாரும் கேட்கவில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டின லைன் வீட்டில் மழை ஒழுகினால் பாத்திரத்தை நகர்த்தி வைப்பார்களே தவிர ஏன் ஒழுகுகிறது என்று கேட்கிற பழக்கம் அந்த ஜனங்களுக்குக் கிடையாது. ஒரு வாரத்துக்குள் அதை வைத்து என்னென்ன செய்துகொள்ளலாம் என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ரேஷன் கடைக்கு மாடக்கண்ணுவை முன்னால் அனுப்பினார்கள், கடைக்காரன் எழுந்து நின்று கல் இல்லாத அரிசியாக அளந்து போட்டான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள், எல்லா நோய்க்கும் ஒரே வெள்ளை மாத்திரையைக் கொடுக்கிற கம்பவுண்டர் அன்றைக்கு நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தான். குடித்துவிட்டு வந்து ஆடுகிற புருஷனை அடக்க வேண்டுமென்றால் அவனைக் கூப்பிட்டு வாசலில் உட்கார வைத்தார்கள், புருஷன்காரன் சுவரோடு ஒட்டிக்கொண்டு சோறு தின்றான். அவனுடைய பழைய சட்டையைக் கம்பில் மாட்டிப் பீன்ஸ் தோட்டத்தில் நட்டபோது காட்டுப்பன்றிகள் கூட வேலியோரமாக வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயின. மாடக்கண்ணுவும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனான். அவன் அப்படிப்பட்ட ஆள். ஒரு தீக்குச்சி கேட்டால் பெட்டியையே கொடுத்துவிட்டு அடுப்பை ஊதிக்கொண்டு இருப்பான்.

கங்காணி லிங்கையாவுக்குத்தான் முதலில் மூளை வேலை செய்தது. மாடக்கண்ணு மருந்தடிக்கிற மலைக்கு எதிர்மலையில் கொழுந்து ஒன்றரை மடங்காக இறங்குவதை அவர் மூன்று நாள் பார்த்தார், நான்காம் நாள் ஆபீசில் போய்ச் சொன்னார். ஆபீசிலிருந்து மேலே எழுதினார்கள், மேலேயிருந்து பதில் வந்தது: புதுத் துரையை இப்போதைக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை என்று. மாடக்கண்ணுவின் டேங்க்கை வாங்கிக்கொண்டார்கள். செத்தவருடைய காக்கி அரைக்கால் சட்டை ஒன்றைப் பங்களா பீரோவிலிருந்து எடுத்து அவனுக்குக் கொடுத்தார்கள். மலைக்கு மலை சும்மா நடந்தால் போதும் என்றார்கள்.

"எனக்கு மருந்தடிக்கிற வேலையே இருக்கட்டுமே அண்ணாச்சி," என்றான் மாடக்கண்ணு.

லிங்கையா கையைக் கட்டி, குனிந்து, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, "சொன்னதச் செய்யுல நாயே," என்றார்.

நடந்தான். அவன் நடந்த பக்கமெல்லாம் பெண்களின் விரல்கள் பதறின. கண் அது மாடக்கண்ணு என்று சொல்லும், விரல் நம்பாது; கொழுந்தைக் கிள்ளுகிற வேகத்தில் நகக்கண் பிய்ந்து ரத்தம் வரும், தண்ணீர் தவிக்கும், ஒன்றுக்கு முட்டும், கால் வரிசையை விட்டு நகராது. முன்னாலாவது துரை ஜீப்பில் ஏறிப் போய்விடுவார், மத்தியானம் தூங்குவார், மாசத்தில் நாலு நாள் ஊருக்குப் போவார். மாடக்கண்ணு எங்கே போவான், அவன் வீடு லைனில்தான் இருந்தது, நடுவிலே, பதினோராம் நம்பர். அவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இருபத்துநாலு வீட்டிலும் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், எழுந்தவர்களுக்கு உட்கார முடியவில்லை, நின்றபடியே சோறு ஊட்டினார்கள், நின்றபடியே அழுதார்கள். அவனுக்கு அது தெரியும். ஓடையில் இறங்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்தான், சீயக்காய் போட்டுத் தேய்த்தான், மண்ணெண்ணெய் போட்டுத் தோல் உரியத் தேய்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கப்புறம் அவன் எங்கே போனாலும் முதலில் ஒரு புல்லைக் கிள்ளி மேலே போட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, ஆளில்லாத திசைக்கு வாசனை போகிற இடமாகத் தேடி உட்காரப் பழகிக்கொண்டான்.

வீட்டில் வெள்ளத்தாயி மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தாள். பஞ்சையும் தாண்டி வந்தது. படுத்த பாயில் அவளுடைய ரெண்டு கையும் தானாக எழுந்து இருட்டில் இல்லாத கொழுந்தைக் கிள்ளின. மூன்றாம் நாள் அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

"ஏங்க, பனியில கெடக்காதீங்க," என்று வாசலில் நின்று சொன்னாள். அவளுக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. அவன் உள்ளே வந்துவிடுவானோ என்று உண்மையிலேயே பயமாகவும் இருந்தது.

"இருக்கட்டும்ட்டி. இங்கேருந்து காத்து காட்டுப் பக்கம் போகுது," என்றான் அவன்.

ஆடி மாசத்தில் ஞானசவுந்தரிக்குக் குறைப்பிள்ளை விழுந்தது. அவள் பத்தாம் நம்பர் வீட்டுக்காரி, ஏழு மாசம், முதல் பிள்ளை. இடுப்பில் வலி கண்டதும் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியவள், உட்கார முடியாமல், எதிர்மலையிலிருந்து வாசனை வந்தவரைக்கும் கொழுந்து எடுத்துக்கொண்டே இருந்தாள், சேலை நனைந்தது தெரிந்தும் எடுத்துக்கொண்டே இருந்தாள். எதிர்மலையில் மாடக்கண்ணு அப்போது ஒரு பாறை மேல் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். காற்று அன்றைக்குப் பாதியில் திசை மாறியதை அவன் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உச்சியில் முத்தாரம்மன் கோயில் திடலில் லைன் முழுக்கக் கூடியது. நல்ல ஜனங்கள்தான். பதினெட்டு வருஷம் உயிரோடு இருந்த துரையை ஒரு கேள்வி கேட்காதவர்கள், இன்றைக்குக் கேட்டே தீர்வது என்று மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாடக்கண்ணுவைத் திடலின் அந்தக் கோடியில் நிறுத்தினார்கள். அவன் புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு எட்டுத் தள்ளி நின்றான்.

இருளப்பன்தான் பேசினார். "நாம ஒண்ணும் பாவிக கெடையாது. ஆளு நம்ம ஆளு. இவனுக்குள்ள துரை கொஞ்சம் ஏறியிருக்காருன்னா கோடாங்கிய வரவழைச்சு எறக்கிருவோம், செலவ சங்கம் பாத்துக்கிடும். ஆனா இவன் முழுசும் போயி துரை மட்டும்தான் நிக்காருன்னா, இங்க வச்சுக்கிட முடியாது. எல்லைக்கு அந்தாண்ட தள்ளிவிட்டுற வேண்டியதுதான். மாடக்கண்ணு மிச்சம் இருக்கானா இல்லையான்னு பாக்கணும். அத யாரு பாக்கது?"

யார் பார்ப்பது என்று எல்லோருக்கும் தெரியும். மாடக்கண்ணுவுக்கும் தெரியும். அவன் முகத்தில் ரெண்டு மாசத்துக்கப்புறம் சிரிப்பு வந்தது.

"எங்க வீட்டுக்காரியே பாக்கட்டும் அண்ணாச்சி," என்று அங்கிருந்தே கத்தினான். "அவ மூக்கு தப்பாது."

சட்டையைக் கழற்றிவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்தான். வெள்ளத்தாயி பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு அவனிடம் போனாள். கை கட்டிக்கொண்டது, முதுகு நிமிர்ந்தது, அதை மீறிக் குனிந்து உச்சந்தலையில் தொடங்கினாள், காதுக்குப் பின்னால் பார்த்தாள், கழுத்துக் குழியில், அக்குளில், உள்ளங்கையில் பார்த்தாள். வேம்பும் நார்த்தையும் இருந்தது, அதைத் தள்ளினாள். சோப்பும் கிராம்பும் இருந்தது, தள்ளினாள். பாசியும் தோலும் இருந்தது, அதையும் செடியை விலக்கி உள்கொழுந்து பார்க்கிற மாதிரி ஒதுக்கிப் பார்த்தாள். அடியில் ஒன்று இருந்தது. நாலாவதாக ஒன்று, ரொம்ப மெல்லியது, நனைந்த சாக்கும் வறுத்த கடலையும் கலந்த மாதிரி, எதையும் கேட்காத ஒரு வாசனை.

அது யாருடையது?

இருபத்திரண்டு வருஷம் இவன் பக்கத்தில் படுத்திருக்கிறாள். இவன் தட்டில் சோறு தின்றிருக்கிறாள், இவன் துணியைத் துவைத்திருக்கிறாள், குழந்தை செத்த அன்றைக்கு இவன் மடியில் தலையை வைத்து விடிய விடியக் கிடந்திருக்கிறாள். பகலெல்லாம் இன்னொருத்தனைத் தேடித் தேடிக் களைத்த மூக்கு, வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுகிற மாதிரி தன்னைக் கழற்றி வைத்துவிடும். இவனிடத்தில் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை, அதனால் இவனை மோந்து பார்க்கத் தேவை வந்ததே இல்லை. இவன் வாசனை எது என்று அவளுக்குத் தெரியாது. நாலாவது அவனுடையதாக இருக்கலாம். துரையின் அடிமடியில் அவள் இதுவரை எட்டாத இன்னொரு அடுக்காகவும் இருக்கலாம். உறுதியாகத் தெரியாமல் அவள் எதையும் சொன்னதில்லை. தப்பான ஒரு இருமலுக்கு என்ன விலை என்று தெரிந்த வாய் அது.

"என்னட்டி, இருக்கானா?" என்றார் இருளப்பன்.

"நாலாவதா ஒண்ணு இருக்கு அண்ணாச்சி."

"அது மாடக்கண்ணா?"

மாடக்கண்ணு அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சை பாஸ் என்று முன்கூட்டியே தெரிந்தவன் முகம் அது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"தெரியல," என்றாள்.

"ஒம் புருசன் வாசனை ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

பெண்டாட்டிக்கே தெரியவில்லை என்றால் அது அவன் இல்லை என்பது அங்கே ஒவ்வொருத்தருக்கும் வெட்டவெளிச்சமாக விளங்கிவிட்டது. மாடக்கண்ணுவின் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்துவிட்டான் போல.

அவனைக் கையால் தொட்டுத் தள்ள யாராலும் முடியவில்லை. கிட்டே போனவர்கள் கை கட்டி நின்றார்கள், கல்லெடுத்தவர்கள் அதைப் பத்திரமாகக் கீழே வைத்தார்கள். அதனால் அவனோடு மருந்தடித்த எட்டுப் பேர் போய் டேங்க்கை மாட்டிக்கொண்டு வந்தார்கள். செடிப்பூச்சிக்கு அடிக்கிற மருந்து, இருபது அடிக்குப் பீய்ச்சும். காற்றுக்கு மேல்புறமாக நின்றுகொண்டு, அவன் தலையில், கண்ணில், திறந்த முதுகில் அடித்து அடித்து எல்லைக் கல்லைத் தாண்டிச் சோலைக்காட்டுக்குள் ஓட்டினார்கள். வாசனையும் கொஞ்சம் அடங்கிற்று, அதனால் உற்சாகமாக அடித்தார்கள். எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் காற்று திரும்பியது. கண் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்த மாடக்கண்ணு, கன்னத்தில் காற்று படுகிற பக்கத்தை வைத்து அதைக் கண்டுபிடித்து, அவர்களுக்கு வாசனை அடிக்கக் கூடாதே என்று, தட்டித் தடவி மறுபக்கமாக ஒதுங்கி நின்று கொடுத்தான். அவர்கள் டேங்க் காலியாகிறவரை அடித்தார்கள்.

வெள்ளத்தாயி அதை எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். "போதும்" என்று ரெண்டு தடவை சொன்னாள். யாருக்கும் கேட்கிற மாதிரி அவள் சொல்லவில்லை, அதுதான் உண்மை.

மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலையில் காட்டுக் காவலாளி வந்து சொல்லி, பெரட்டில் நின்ற கூட்டம் அப்படியே எல்லைக்குப் போனது. எல்லைக் கல்லிலிருந்து ஐம்பது அடியில், லைன் வீட்டுப் பக்கமாகத் தலையை வைத்துச் செத்துக் கிடந்தான். மழை அவனை நன்றாகக் கழுவியிருந்தது. கிட்டே போனார்கள், யாருக்கும் கை கட்டிக்கொள்ளவில்லை, முதுகு அதுபாட்டுக்கு வளைந்து இருந்தது, ஞானசவுந்தரி ஒரு கல்லில் உட்கார்ந்துகூடப் பார்த்தாள், உட்கார முடிந்தது.

வெள்ளத்தாயி மண்டிபோட்டு அவன் கழுத்துக் குழியில் முகத்தை வைத்தாள். வேம்பு இல்லை. சோப்பு இல்லை. பாசி இல்லை, தோல் இல்லை, மருந்துகூட இல்லை. நனைந்த சாக்கும் வறுத்த கடலையும் மட்டும் இருந்தது. அது எங்கேயும் போகவில்லை, முழுசாக இருந்தது, தலைமுடியிலிருந்து பாதம் வரைக்கும் அது ஒன்றுதான் இருந்தது.

"இதுதான்," என்றாள். அவள் குரல் யாருக்கும் தெரிந்த குரலாக இல்லை. "அண்ணாச்சி, இதுதான் இவரு. நாலாவது இவருதான்."

இருளப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. தன் மேல் வந்த ஆத்திரத்தை வேறு யார் மேலாவது போட வேண்டியிருந்தது. "இத அன்னைக்குச் சொன்னா என்னட்டி? வாயில என்ன வச்சிருந்த?"

"அன்னைக்கு எனக்கு இது தெரியாதே அண்ணாச்சி," என்றாள் வெள்ளத்தாயி. "இப்பத்தானே மோந்து பாக்கேன்."

ஆபீசில் சங்கு ஊதியது. பெண்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள், பிறகு ஒவ்வொருத்தராகக் கூடையை எடுத்துக்கொண்டு மலை ஏறினார்கள். விரட்ட ஆள் இல்லாமல்தான் ஏறினார்கள், வேகமாகத்தான் ஏறினார்கள். மறுபடி தூறல் விழ ஆரம்பித்தது. வெள்ளத்தாயி சேலைத் தலைப்பை விரித்து மழை படாமல் அவன் மேல் கூடாரம் மாதிரி பிடித்துக்கொண்டு, அந்த வாசனை கரைந்து தீர்வதற்குள், அவனைத் தெரிந்துகொள்ளக் குனிந்தாள்.